நாடி எத்தனை, காய்ச்சல் எத்தனை: குதிரை, நாய், பூனை வளர்ப்போர் வீட்டிலேயே செய்ய வேண்டிய பரிசோதனை

கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, "குதிரைக்கு உடம்பு சரியில்லை, உடனே வாருங்கள்" என்று மட்டும் சொன்னால் அவரால் அந்த நேரத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு. அதே குதிரையைப் பற்றி, "மாலை ஆறு மணியிலிருந்து தீனி எடுக்கவில்லை, நாடி 52, வழக்கமாக 36 இருக்கும், காய்ச்சல் இல்லை, ஈறு சற்று வறண்டிருக்கிறது, மதியத்திலிருந்து லத்தி போடவில்லை" என்று சொன்னால், எந்த மருந்தையும் எந்தக் குழாயையும் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்பதையும், அவர் வந்து சேரும் வரை நாம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவர் அப்போதே முடிவு செய்துவிடுவார். இந்த இரண்டாவது வகைப் பேச்சைப் பேசுவதற்குப் படிப்போ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. விலங்கு நலமாக இருக்கும் நாட்களில் அதன் நாடியையும் மூச்சையும் வெப்பத்தையும் எண்ணிக் குறித்து வைத்திருந்தால் போதும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு மட்டக்குதிரை இருந்தது. ஒரு நாள் அது வயிற்றுவலியால் படுத்துப் புரண்டபோது, பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருவர், மாட்டுக்கு ஊற்றுவதைப் போலவே அதன் தலையைத் தூக்கிப் பிடித்து, மூங்கில் குழாயால் விளக்கெண்ணெயை ஊற்றினார். எண்ணெயில் ஒரு பங்கு நுரையீரலுக்குள் போய்விட்டது. வயிற்றுவலி மறுநாளே தணிந்தது. நான்காம் நாள் குதிரை நுரையீரல் அழற்சியால் இறந்தது. அவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். எங்கள் வீட்டிலும் யாருக்கும் அது தவறு என்று தெரிந்திருக்கவில்லை.

தேவையான பொருட்கள்

பாதரசம் இல்லாத டிஜிட்டல் வெப்பமானி ஒன்று, வாசலைன், நொடி காட்டும் கடிகாரம், டார்ச் விளக்கு, தையல்காரர் பயன்படுத்தும் அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். மனிதர்களுக்கு வாங்கும் வெப்பமானியே சரிதான். ஆனால் விலங்குக்கு என்று ஒதுக்கியதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. குதிரை வளர்ப்போர் வெப்பமானியின் வெளியே நிற்கும் முனையில் ஓர் அரை மீட்டர் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் துணி உலர்த்தும் கிளிப்பைக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பார்க்கும்போது அந்தக் கிளிப்பை வால் மயிரில் மாட்டிவிட்டால், வெப்பமானி உள்ளே இழுக்கப்படுவதோ கீழே விழுந்து மிதிபடுவதோ நேராது.

வெப்பம் பார்ப்பது

குதிரையின் நேர் பின்னால் நிற்கக் கூடாது. இடது இடுப்பை ஒட்டி, உங்கள் உடல் அதன் உடலில் படும்படி நெருங்கி நின்று, முதுகிலிருந்து கையைத் தடவிக்கொண்டே வால் வரை வந்து, வாலைப் பக்கவாட்டில் ஒதுக்க வேண்டும். வாசலைன் தடவிய வெப்பமானியை ஆசனவாயில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நுழைத்து, முனை உட்சுவரைத் தொடும்படி சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். லத்தியின் நடுவில் குத்தி நின்றால் அளவு தவறாகக் காட்டும். வளர்ந்த குதிரைக்கு 99.5 முதல் 101.3 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பானது. நாய்க்கும் பூனைக்கும் 100.4 முதல் 102.5 வரை இயல்பானது. ஆகையால் மனிதருக்குக் காய்ச்சல் எனக் கருதும் 101 டிகிரி, நாய்க்கு முழு நலத்தின் அளவு. இதை அறியாமல் "நாய் உடம்பு சுடுகிறது" என்று மாத்திரை கொடுப்போர் பலரை நான் கண்டிருக்கிறேன்.

நாய்க்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் நுழைத்தால் போதும். ஒருவர் கழுத்தையும் வயிற்றையும் அணைத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பார்க்கலாம். பூனையைத் துண்டில் சுற்றிப் பார்க்க வேண்டும். அது மிகவும் போராடினால் விட்டுவிடுவதே நல்லது. போராட்டத்தாலேயே வெப்பம் ஏறிவிடும், அந்த அளவால் பயன் இல்லை.

நாடி

குதிரையின் நாடியைத் தாடையில் பார்ப்பதுதான் எளிது. கன்னத்தின் அகன்ற வட்டச் சதைக்குச் சற்று முன்னால், கீழ்த்தாடை எலும்பின் உட்புற விளிம்பில் மூன்று விரல்களை வைத்து மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால், பென்சிலைப் போன்ற ஒரு குழாய் விரலுக்கடியில் வழுக்கி உருளும். அதுதான் முகத்துக்குச் செல்லும் தமனி. அதை எலும்போடு இலேசாக அழுத்திப் பிடித்துப் பொறுத்திருக்க வேண்டும். குதிரையின் இதயம் மெதுவாகத் துடிப்பதால், முதல் துடிப்பு வருவதற்குள் "இங்கே இல்லை" என்று முடிவு செய்து விரலை நகர்த்திவிடுவதே புதியவர்கள் செய்யும் தவறு. நான் கற்றுக்கொண்டபோது மூன்று நாட்கள் எனக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை; நான்காம் நாள் காலையில் விரலை அசைக்காமல் வைத்திருந்தபோது, கனமான ஒரு துடிப்பு மெல்ல எழுந்து விரலைத் தள்ளிவிட்டு அடங்கியது. அதன்பின் அந்த இடம் ஒரு நாளும் தவறியதில்லை. கட்டைவிரலை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதில் உங்கள் நாடியே உங்களுக்குக் கேட்கும்.

15 நொடிகள் எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை இயல்பு. குட்டிகளுக்கு இதைவிட மிகக் கூடுதலாக இருக்கும். தீனி வைப்பதற்கு முன், அதிகாலையில், ஒரு வாரம் தொடர்ந்து எண்ணிக் குறித்தால் உங்கள் குதிரையின் சொந்த எண் எது என்று தெரிந்துவிடும். அந்தச் சொந்த எண்தான் முக்கியம். வழக்கமாக 30 உள்ள குதிரைக்கு 44 என்பது புத்தகப்படி இயல்பாக இருந்தாலும், அதன் உடலில் ஏதோ நடக்கிறது என்பதற்கான செய்தி.

நாய்க்கும் பூனைக்கும் பின்னங்காலின் தொடை வயிற்றோடு சேரும் இடத்தில், தொடையின் உட்பக்கத்தில் நாடி கிடைக்கும். கிடைக்காவிட்டால் இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் நெஞ்சில் கை வைத்து இதயத் துடிப்பையே எண்ணலாம். பெரிய நாய்களுக்கு 60 முதல் 100 வரையும், சிறிய நாய்களுக்கு 140 வரையும், பூனைக்கு 140 முதல் 220 வரையும் இருக்கும்.

மூச்சு, ஈறு, குடல் ஓசை

மூச்சை விலாவின் பின்புறப் பள்ளத்தைப் பார்த்து எண்ண வேண்டும். அது ஒரு முறை உயர்ந்து தாழ்வது ஒரு மூச்சு. குதிரைக்கு நிமிடத்திற்கு 8 முதல் 16 வரை. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போது எண்ணிப் பயனில்லை. நாயும் பூனையும் தூங்கும்போது எண்ணுங்கள். தூக்கத்தில் தொடர்ந்து 30ஐத் தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ மருத்துவர் பார்க்க வேண்டும். வயதான நாய்களின் இதயக் கோளாறு பெரும்பாலும் இந்த எண்ணில்தான் முதலில் தெரியவரும்.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். ஈரமாகவும் வெளிர் சிவப்பாகவும் இருப்பது நலம். கட்டைவிரலால் ஓர் இடத்தை அழுத்திவிட்டு எடுத்தால் அது வெளுத்து, இரண்டு நொடிகளுக்குள் மீண்டும் நிறம் திரும்ப வேண்டும். அதற்கு மேல் நேரம் எடுத்தாலோ, ஈறு செங்கல் நிறமாகவோ ஊதாவாகவோ காகிதம் போல வெளுத்தோ இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கும், சில சிப்பிப்பாறை, கோம்பை நாய்களுக்கும் ஈறு கறுப்பாகவே இருக்கும். அவற்றின் கீழ் இமையை விரலால் இழுத்து, உட்பக்கச் சவ்வின் நிறத்தைப் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்க்கு இந்தச் சவ்வு நாளுக்கு நாள் வெளுப்பதும், வயிற்றுத் தோலிலும் ஈறிலும் ஊசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. மூக்கிலிருந்து இரத்தம் வரும் வரை விட்டுவிட்டால் சிகிச்சை கடினமாகிவிடும்.

குதிரைக்கு மட்டும் இன்னொன்று உண்டு. இடுப்பெலும்புக்கும் கடைசி விலாவுக்கும் நடுவே உள்ள பக்கத்தில் காதை வைத்துக் கேட்க வேண்டும். இருபுறமும், மேலும் கீழுமாக நான்கு இடங்களில், ஒவ்வொன்றிலும் ஒரு முழு நிமிடம். நலமான குடல் சும்மா இருக்காது. தூரத்து இடி போலவும், பானையில் நீர் சரிவது போலவும் ஓசை வந்துகொண்டே இருக்கும். ஓசையே இல்லாத வயிறுதான் அச்சமூட்டும் வயிறு.

குதிரையின் வயிற்றுவலி

கோலிக் என்று மருத்துவர்கள் சொல்லும் வயிற்றுவலியே குதிரைகளின் உயிரைப் பறிக்கும் முதன்மையான கேடுகளில் ஒன்று என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் இரைப்பை உடலோடு ஒப்பிட மிகச் சிறியது. அதன் பெருங்குடலோ மிக நீண்டு, வயிற்றுக்குள் மடிந்து திரும்பி, திரும்பும் இடத்தில் குறுகிப் போகிறது. தண்ணீர் குறைந்தால் அந்தக் குறுகலில் தீனி இறுகி அடைத்துக்கொள்ளும். தானியம் கூடினால் புளித்துக் காற்று சேரும். மணற்பாங்கான நிலத்தில் தரையிலிருந்தே தின்னும் குதிரைக்கு மணல் தங்கும். சில வேளைகளில் குடலே முறுக்கிக்கொள்ளும். அதற்கு அறுவைச் சிகிச்சை தவிர வேறு வழி இல்லை.

தொடக்க அறிகுறிகள் மிக அமைதியானவை. தீனித் தொட்டியை விட்டு விலகி நிற்கும். மேலுதட்டைச் சுருட்டும். கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றைப் பார்க்கும். முன்னங்காலால் தரையைக் கீறும். சிறுநீர் கழிப்பதைப் போல நீட்டி நின்றுவிட்டுக் கழிக்காமலே திரும்பும். படுத்துப் புரளுவதும் வியர்ப்பதும் அதற்குப் பின்னால் வருவது. அதுவரை காத்திருப்பவர் பல மணி நேரத்தை இழந்துவிட்டார் என்றே பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி மாத இரவில் எங்கள் பெண்குதிரை கொள்ளைத் தொடாமல் நின்றது. நாடி 52. அதன் வழக்கமான எண் 36. குடல் ஓசை வலப்புறம் மிக மெலிதாகவும் இடப்புறம் இல்லாமலும் இருந்தது. தொலைபேசியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "நாடி எத்தனைங்க?" என்பதுதான். அடுத்தது, "இன்னிக்கு எவ்வளவு தண்ணி குடிச்சுது?" என்பது. தொட்டியைப் போய்ப் பார்த்தேன். காலையில் நிரப்பியது பாதிகூடக் குறையவில்லை. குளிர்ந்த நீரை அது குடிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அவர் வந்து மூக்கு வழியாக இரைப்பை வரை குழாய் செலுத்தி, அது சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, நீரும் திரவ பாரஃபினும் செலுத்தினார். விடியற்காலையில் கட்டி கட்டியாக, சளிப் படலம் பூசிய லத்தி வந்தது. அந்த நாற்றத்தை அவ்வளவு மகிழ்ச்சியோடு நான் முகர்ந்ததில்லை.

மருத்துவர் வரும் வரை நீங்கள் செய்ய வேண்டியவை இவை. தீனியை முழுவதும் அகற்றிவிட வேண்டும். தண்ணீரைப் பொறுத்து மருத்துவரைக் கேட்டு நடக்க வேண்டும். குதிரை அமைதியாக நின்றாலோ படுத்தாலோ அப்படியே விடலாம். முரட்டுத்தனமாகப் புரண்டு தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நிலையில் இருந்தால் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடங்கள் மெதுவாக நடத்தலாம். இரவு முழுவதும் ஓட ஓட நடத்தி அதன் வலுவை உறிஞ்சும் பழைய வழக்கம் தவறு. ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் நாடியை எண்ணி நேரத்தோடு எழுத வேண்டும். நாடி 60ஐத் தாண்டினாலோ, ஈறு நிறம் மாறினாலோ, வலி மருந்து போட்ட பின்னும் வலி திரும்பி வந்தாலோ, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் பேச்சை அப்போதே தொடங்க வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரியும், 1985இல் தொடங்கிய நாமக்கல் கல்லூரியும் நம் மாநிலத்தில் நீண்ட காலமாக இயங்கி வருபவை. உங்களுக்கு அருகில் உள்ள மருத்துவமனை எது, இரவில் குதிரையை ஏற்றத் தயாராக வரும் வண்டிக்காரர் யார் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.

செய்யக் கூடாதவை இரண்டு. வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ எண்ணெய், சோடா, சாராயம், கஷாயம் எதையும் நாமாக ஊற்றக் கூடாது. கையிருப்பில் வலி மருந்து இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. வலி மறைந்தால் குடல் முறுக்கும் மறைந்துவிட்டதாக நாம் நம்பிவிடுவோம்.

மணல் தங்கியிருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தரையில் படாத லத்தி உருண்டைகள் ஐந்தாறை எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் இட்டு, நீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி, கால் மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். நார் மேலே மிதக்கும். அடியில் மணல் படிந்தால், தீனியைத் தரையில் போடுவதை நிறுத்தித் தொட்டியில் வைக்கத் தொடங்கி, மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

தீனியும் எடையும்

குதிரையின் எடையை அளவு நாடாவாலேயே கணிக்கலாம். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடையின் முனை வரை உள்ள நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் ஏறத்தாழ 300 கிலோ. இந்தக் குதிரைக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு வரை, அதாவது 4.5 முதல் 6 கிலோ வரை உலர்ந்த புல் அல்லது தட்டு தேவை. தண்ணீர் 100 கிலோவுக்குக் குறைந்தது 5 லிட்டர். கோடையிலும் வேலை நாட்களிலும் அதைப் போல இரு மடங்கும் அதற்கு மேலும் ஆகும். குடற்புழு மருந்தின் அளவும் இந்த எடையை வைத்துத்தான் கணக்கிடப்படும். குறைவாகக் கொடுத்தால் புழு சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும்.

கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோதான் கொடுக்க வேண்டும். எந்தப் புதுத் தீனியையும் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை சிறிது சிறிதாகக் கலந்தே மாற்ற வேண்டும். கோழிப் பண்ணைகள் நிறைந்த கொங்குப் பகுதியில் இருப்போர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் கலக்கப்படும் மோனென்சின் என்னும் மருந்து, கோழிக்கும் மாட்டுக்கும் தீங்கு செய்யாத அளவிலேயே குதிரையின் இதயத் தசையை அழித்துக் கொன்றுவிடும். குதிரைத் தீனியையும் கோழித் தீவனத்தையும் ஒரே அறையில், ஒரே கரண்டியால் அள்ளும்படி வைக்காதீர்கள். அதேபோல மாட்டு உண்ணிக்கும் நாய் உண்ணிக்கும் தெளிக்கும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரை மேல் தெளிக்கக் கூடாது. அது குடலின் அசைவை நிறுத்தி அடைப்பை உண்டாக்கும்.

குளம்பும் காயமும்

ஒவ்வொரு நாளும் நான்கு குளம்புகளையும் தூக்கிச் சுத்தம் செய்வது ஐந்து நிமிட வேலை. குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மென்பகுதியின் பள்ளங்களில் கறுத்த குழம்பும் துர்நாற்றமும் இருந்தால், நிற்கும் இடம் ஈரமாக இருக்கிறது என்று பொருள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடம் அடிப்பவரைக் கொண்டு குளம்பைச் சீவ வேண்டும். குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்னங்கால்களில் பாரத்தைச் சாய்த்து நின்று, குளம்பும் தொட்டால் சூடாக இருந்தால் அது குளம்பு அழற்சியாக இருக்கக்கூடும். தானியத்தை உடனே நிறுத்தி, குளம்புகளைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி, மருத்துவரை அழைக்க வேண்டும். அதை நடக்க வைப்பது கேட்டைக் கூட்டும்.

குளம்பில் ஆணி குத்தியிருந்தால், முடிந்தவரை அதை எடுக்காமல், எந்த இடத்தில் எந்தச் சாய்வில் குத்தியிருக்கிறது என்பதை மருத்துவர் பார்க்கும்படி விட வேண்டும்; அது மேலும் உள்ளே இறங்காதபடி குதிரையை நிற்கும் இடத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டும். உடனடியாக எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் அந்தத் துளையைப் பேனாவால் வட்டமிட்டுக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வளர்ப்பு விலங்குகளில் இரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, மிக எளிதில் ஆளாவது குதிரைதான். காது விறைப்பதும், வால் தூக்கி நிற்பதும், கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைத் திரை குறுக்கே பாய்வதும் அதன் அடையாளங்கள். அந்த நிலைக்கு வந்த குதிரையைக் காப்பது அரிது. தடுப்பூசியோ மலிவானது: முதலில் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள், பிறகு ஆண்டுக்கு ஒன்று.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் வாங்கிய குதிரையை நேரே பழைய குதிரையின் பக்கத்தில் கட்டாதீர்கள். இரண்டு மூன்று வாரங்கள் தனி இடம், தனி வாளி, தனித் தூரிகை வேண்டும். மூக்கில் ஒட்டும் சளி, மூக்கினுள் புண், கால்களில் வரிசையாக உடையும் கட்டிகள் தென்பட்டால் அது கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றிக் கொல்லக்கூடியது. அதற்குத் தடுப்பூசி இல்லை. 2009ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் அது.

நாய், பூனை

நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வார வயது வரை தொடர வேண்டும். "ஒரு ஊசி போட்டாயிற்று" என்று நிறுத்துவதால்தான் பல குட்டிகள் பார்வோவுக்குப் பலியாகின்றன. தாய்ப்பாலிலிருந்து கிடைத்த காப்பு, முதல் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுத்துவிடும். மூன்று மாத வயதில் ரேபிஸ் என்னும் வெறிநோய்க்கான தடுப்பூசியும், பிறகு ஆண்டுதோறும் ஊக்க ஊசியும் தேவை. வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும் ரேபிஸ் ஊசி போட வேண்டும். விலங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் வாயிலோ மாட்டின் வாயிலோ குதிரையின் வாயிலோ, "ஏதோ சிக்கியிருக்கிறது" என்று கையை விட்டுப் பார்க்கக் கூடாது. வெறிநோயும் அப்படியேதான் தோன்றும்.

நம் வீட்டு மருந்துப் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாராசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறி அது இறக்கும். இபுபுரோஃபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனை மேல் தடவினால் வலிப்பு வரும். மாட்டுக்கும் குதிரைக்கும் டைக்லோஃபெனாக் என்னும் வலி மருந்தைக் கேட்டு வாங்காதீர்கள். அந்த மருந்து செலுத்தப்பட்டு இறந்த கால்நடையைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததால், 2006இல் கால்நடைகளுக்கான அதன் தயாரிப்பு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டும் அந்தப் பறவைகளின் உயிர் நாம் போடும் ஊசியோடும் சேர்ந்திருக்கிறது.

மணல் தட்டில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து முக்கும் ஆண் பூனையை மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் காத்திருக்கக் கூடாது. தட்டில் ஈரம் இல்லையென்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது. இரண்டு நாட்களுக்குள் உயிர் போய்விடும். பருவம் வந்து சில வாரங்கள் கழிந்த பெண் நாய் வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீரை மிகுதியாகக் குடித்து, சோர்ந்து படுத்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். கோடையில் நாய் வெயிலில் சுருண்டு விழுந்தால் முதலில் உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி மின்விசிறியின் கீழ் படுக்க வைக்க வேண்டும், பிறகுதான் வண்டி தேட வேண்டும். ஈரத் துண்டால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கும். வெப்பம் 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எழுந்து நின்றுவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். பாம்பு கடித்த நாய்க்கும் குதிரைக்கும் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது. நடக்க விடாமல் தூக்கியோ ஏற்றியோ கொண்டு செல்ல வேண்டும், புறப்படும்போதே நஞ்சு முறிவு மருந்து இருக்கிறதா என்று அழைத்துக் கேட்க வேண்டும்.

அழைக்கும்போதும் அதன் பிறகும்

மருத்துவரையோ, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற கட்டணமில்லா எண்ணையோ அழைக்கும் முன் நோட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வயது, எடை, பெண்ணாக இருந்தால் சினையா என்பது, கடைசியாகத் தின்ற நேரம், கடைசி லத்தி அல்லது மலம், நாடி, மூச்சு, வெப்பம், ஈறின் நிறம், ஏற்கெனவே கொடுத்த மருந்துகள் ஆகியவற்றை அந்த வரிசையிலேயே சொல்லுங்கள். நீங்களாக ஏதேனும் கொடுத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். கோபித்துக்கொள்வார் என்று அஞ்சி மறைத்த ஒரு மாத்திரை, அவர் போடும் ஊசியோடு சேர்ந்து கேடு செய்யலாம்.

மருத்துவர் சென்ற பின் அவர் போட்ட மருந்தின் பெயரையும் அளவையும் நேரத்தையும் எழுதி, அடுத்த எண்ணிக்கை எப்போது என்று கேட்டு வையுங்கள். வயிற்றுவலி தீர்ந்த குதிரை லத்தி போட்டதும் பசியோடு கனைக்கும். அந்தக் கனைப்புக்கு இரங்கிக் கொள்ளை அள்ளி வைத்துவிடக் கூடாது. முதலில் இளம் பசும்புல் இரண்டு கைப்பிடி. இரண்டு மணி நேரம் கழித்து நாடியும் குடல் ஓசையும் சரியாக இருந்தால் இன்னும் இரண்டு கைப்பிடி. தானியம் மூன்றாம் நாளுக்குப் பிறகு, வழக்கத்தில் கால் பங்கிலிருந்து. எங்கள் லாயத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு கரும்பலகை தொங்குகிறது. ஒவ்வொரு மாலையும் தொட்டியில் எத்தனை வாளி குறைந்தது என்பதை அதில் எழுதுகிறோம், மார்கழி, தை மாதங்களில் நீரைக் கை பொறுக்கும் சூட்டில் வெதுவெதுப்பாக்கி ஊற்றுகிறோம்.